சர்வோ கொதிக்கிறதா? கழற்றி எறிவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டுக்கு மேற்கே, கரும்பு வெட்டி முடித்த ஒரு மேட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் விமானம் பறக்கவிடுகிறோம். எங்களில் பாதிப் பேர் டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், மீதிப் பேர் என்னைப் போல வேலைக்காக ஊரிலிருந்து வந்தவர்கள். நடுவில் பேசுவது தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு மொழி. அங்கே ஒரு அங்கிள் தன் 2 மீட்டர் விமானத்தின் இறக்கையைத் திருப்பி, எய்லரான் சர்வோவின் மேல், அதாவது இறக்கையின் அசையும் பாகத்தை இயக்கும் சின்ன மோட்டார்ப் பெட்டியின் மேல், என் விரலை வைத்து அழுத்தினார். "பாரு தம்பி, சோத்துப் பானை மாதிரி இருக்கு. இது மூணாவது."

ஏற்கெனவே இரண்டு சர்வோவை மாற்றிவிட்டார். மூன்றாவதை மாற்றியிருந்தாலும் நான்காவதும் பானைதான் ஆகியிருக்கும். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று கீலின் மேல் இரண்டாவது தடவையாக, இறக்கையை மூடும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டியிருந்தார். எய்லரான் விட்ட இடத்துக்குத் திரும்பவே இல்லை. சர்வோ பாவம், பகல் முழுக்க அந்தப் படலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

எய்லரான், எலிவேட்டர், ரட்டர், ஃபிளாப் என்று இறக்கையிலும் வாலிலும் அசையும் பாகங்கள் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே மடல் என்றே எழுதுகிறேன். பகல் வேலையில் நான் பெரிய விமானங்களின் மடல் அசைக்கும் கருவிகளைப் பழுது பார்ப்பவன். அங்கே கற்றதில் பாதி இந்தச் சின்ன சர்வோவுக்கும் பொருந்தும். பொருந்தாத பாதியையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். சர்வோ அசையாமல் ஒரு சுமையைத் தாங்கி நிற்கும்போது அது செய்யும் வேலை சைபர். உள்ளே போகும் கரண்டு அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சர்வோவாக இருந்தாலும் அந்த நேரத்தில் அதன் செயல்திறன் பூஜ்யம்தான். குடத்தை இடுப்பில் வைத்து நடந்தால் வலிக்காது, கையை நீட்டித் தூக்கி நின்றால் ஒரு நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். பெரிய விமானத்தின் ஹைட்ராலிக் ஜாக் இடுப்புக் குடம். வால்வை மூடினால் எண்ணெய் உள்ளே சிக்கிக்கொள்ளும், கொஞ்சம் கசிவைத் தவிரச் செலவே இல்லாமல் மடலை அப்படியே பிடித்து நிற்கும். நம் மின் சர்வோ நீட்டிய கை.

ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்துபோகும் ஏர்பஸ் ஏ380இல் சில மடல்களுக்கு மாற்று ஏற்பாடாக மோட்டார், பம்ப், எண்ணெய் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய கருவிகள் உண்டு. அவற்றுக்கும் சூடுதான் பெரிய தலைவலி. பொது ஹைட்ராலிக் குழாயில் ஓடும் எண்ணெய் சூட்டைத் தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். தனிப் பெட்டியில் பிறந்த சூடு அந்தப் பெட்டியின் உடம்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். படலம் ஒட்டி மூடிய இறக்கைக் குழிக்குள் இருக்கும் சர்வோவின் கதையும் அதேதான்.

கையில் என்ன வேண்டும்

10 ஆம்பியர் வரை அளக்கும் ஒரு மல்டிமீட்டர், ஒரு சர்வோ டெஸ்டர். அப்புறம் ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் ஒயர். அதன் சிவப்புக் கம்பியை மட்டும் நடுவில் வெட்டி, இரண்டு முனையிலும் மீட்டரைக் கவ்வ வையுங்கள். சர்வோ எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று இனி நேராகப் பார்க்கலாம். இந்த 20 ராண்ட் ஒயர் எனக்கு எத்தனையோ சர்வோவை மிச்சப்படுத்தியிருக்கிறது.

வெப்பமானி இல்லையென்றால் விரல் போதும். விரலை வைத்து 5 எண்ணும்வரை தாங்க முடிந்தால் ஏறக்குறைய 50 டிகிரி. வைத்தவுடன் எடுக்க வேண்டியிருந்தால் 60க்கு மேல் போய்விட்டது. ஆனால் விரல் தொடுவது பிளாஸ்டிக் உறையைத்தான். உள்ளே மோட்டார் அதைவிடச் சூடாக இருக்கும். நல்ல சர்வோக்களில் உள்ள நியோடிமியம் காந்தத்தின் சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினால் கொஞ்சம் வலுவை நிரந்தரமாக இழக்கும். ஆறின பிறகும் அந்த வலு திரும்பாது. "ஒரு தடவை கொதிச்சுது, இப்ப சரியாத்தான் இருக்கு" என்று சொல்லும் சர்வோவை நான் எலிவேட்டரில் போடமாட்டேன்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். இதில் பேச்சே இல்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். சர்வோவிலிருந்து வரும் கம்பியின் முனையில் மடலைக் கவ்வும் கிளெவிஸைக் கழற்றி, சர்வோவைத் தனியாக விட்டு மீட்டரைப் பாருங்கள். கரண்டு சட்டென்று விழுந்தால் குற்றம் வெளியே. விழவில்லை என்றால் குற்றம் சர்வோவுக்குள்ளே, அல்லது அதற்குப் போகும் சிக்னலில், அல்லது வோல்டேஜில். அங்கிளின் விமானத்தில் சும்மா நிற்கும்போது 420 மில்லி ஆம்பியர் காட்டியது. கிளெவிஸைக் கழற்றியதும் 8. அந்த இடத்திலேயே முடிந்தது விசாரணை.

அறிகுறி: தரையில் சும்மா நிற்கும்போதே சுடுகிறது, மெல்ல முனகுகிறது

அதிகம் வருவது இதுதான், தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். "சர்வோ சரியில்லை" என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

கிளெவிஸைக் கழற்றியதும் முனகல் நின்றால், மடலை விரல் நுனியால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தன் எடையில் தானே தொங்கும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். எங்கேயாவது நின்று, விட்டால் துள்ளித் திரும்பினால் கீல் இறுக்கம். படலத்தைக் கீல் ஓரமாகக் கத்தியால் கீறி, மடலை முழுக்க வளைத்துப் பிடித்தபடி மறுபடி ஒட்டுங்கள். நேராக வைத்து ஒட்டினால் அது ஸ்பிரிங் மாதிரி எப்போதும் நடுவுக்கு இழுக்கும். ஃபோம் விமானங்களில் ஃபோமே கீல் என்பதால் புதுசில் இறுக்கமாகத்தான் இருக்கும். கையால் 40, 50 தடவை வளைத்து விடுங்கள்.

கீல் சரி என்றால் புஷ்ராடு, அதாவது சர்வோவையும் மடலையும் இணைக்கும் கம்பி. கம்பி வளைந்து குழாயை உரசுகிறதா, மடலில் நீட்டி நிற்கும் ஓட்டை போட்ட கொம்பான கண்ட்ரோல் ஹார்னை கிளெவிஸ் கவ்வும் இடம் இறுக்கமா என்று பாருங்கள். ஹார்ன் ஓட்டையைவிட கிளெவிஸ் பின் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும், ஒவ்வொரு அசைவிலும் சர்வோ அதோடு சண்டை போடும்.

நடுவில் குளிர்ச்சி, ரிமோட்டின் ஸ்டிக்கை ஓரத்துக்குத் தள்ளினால் மட்டும் கரண்டு எகிறுகிறது என்றால் மடலோ, சர்வோவின் அச்சில் மாட்டிய சின்னக் கையோ எங்கோ முட்டுகிறது. ஓரத்தில் முட்டி நிற்கும் சர்வோ அதிகபட்சக் கரண்டை இழுக்கும். சின்ன 9 கிராம் சர்வோவே அந்த நிலையில் அரை ஆம்பியரைத் தாண்டும். ரேடியோவில், அதாவது ரிமோட்டில், சர்வோ அசையும் எல்லையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மீட்டர் எந்த இடத்தில் சட்டென்று இறங்குகிறதோ, அதற்கு ஒரு நூலளவு உள்ளே நிறுத்துங்கள். கண்ணால் பார்த்து வைப்பதைவிட மீட்டரைப் பார்த்து வைப்பது ஆயிரம் மடங்கு மேல். சோதனைக்காக முட்டவைத்தால் 2, 3 வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள்.

கிளெவிஸைக் கழற்றியும் முனகல் நிற்கவில்லையா? சிக்னலைப் பாருங்கள். சாதாரண அனலாக் சர்வோவுக்கு வினாடிக்கு 50 தடவைதான் துடிப்பு வர வேண்டும். விமானத்துக்குள் சர்வோக்களுக்குக் கட்டளை கொடுக்கும் ஃபிளைட் கண்ட்ரோலரில் யாரோ 333 என்று வைத்திருந்தால் டிஜிட்டல் சர்வோ சந்தோஷமாக ஓடும், அனலாக் சர்வோ அடுப்பாகும். கண்ட்ரோலரைக் கைமாற்றி வாங்கியவர்கள் இதை முதலில் பாருங்கள். அதற்கடுத்து வோல்டேஜ். 6 வோல்ட் சர்வோவை 2 செல் லைப்போ பேட்டரியில் நேராக மாட்டுபவர்கள் உண்டு. முழுக்க ஏற்றிய 2 செல் 8.4 வோல்ட். உறையில் 'ஹெச்.வி.' (ஹை வோல்டேஜ்) என்று போடாத சர்வோவை அதில் மாட்டாதீர்கள்.

அறிகுறி: தரையில் ஜில்லென்று இருக்கிறது, பறந்து இறங்கினால் சுடுகிறது

இது காற்றின் வேலை. மடலைக் காற்று தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. சர்வோ மோட்டாரின் கரண்டு விசைக்கு நேர் விகிதம், ஆகவே அதுவும் நான்கு மடங்கு. மோட்டார் சுருளின் சூடோ கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆக அதே கோணத்தில் மடலைப் பிடித்துக்கொண்டு இரண்டு மடங்கு வேகத்தில் பறந்தால் சுருளில் சூடு 16 மடங்கு. நேராகப் பாய்ந்து இறங்கி எலிவேட்டரை இழுத்துப் பிடிக்கும் நம் பையன்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும்.

வேகத்தைக் குறை என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் நெம்புகோலைச் சரிசெய்யுங்கள். நான் பார்க்கும் விமானங்களில் பாதிக்கு மேல் இதே தப்புதான். சர்வோ கையின் கடைசி ஓட்டையில் புஷ்ராடை மாட்டிவிட்டு, மடல் அதிகம் அசைகிறதே என்று ரேடியோவில் பயணத்தை, அதாவது சர்வோ அசையும் அளவை, 40 சதவீதமாகக் குறைத்திருப்பார்கள். ரேடியோவில் குறைத்தால் அசைவுதான் குறையும், வலு ஏறாது.

கணக்கு இதோ. 2 கிலோ-செ.மீ. முறுக்குள்ள சர்வோவின் 20 மி.மீ. கை முனையில் கிடைக்கும் தள்ளுவிசை 1 கிலோ. அதையே 10 மி.மீ. ஓட்டைக்கு மாற்றினால் 2 கிலோ. பயணத்தை 40இலிருந்து ஏறக்குறைய 85 சதவீதத்துக்கு ஏற்றுங்கள், மடல் முன்பு அசைந்த அதே அளவுதான் அசையும். ஆனால் அதே காற்றை எதிர்த்து நிற்க மோட்டாருக்குப் பாதி முறுக்குப் போதும், பாதிக் கரண்டு, சுருளில் கால்வாசிச் சூடு. கியரில் இருக்கும் ஆட்டமும் மடல் முனையில் பாதியாகத் தெரியும். ஐந்து நிமிட வேலை, ஒரு காசு செலவில்லை. பெரிய சர்வோ வாங்கப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

ஃபிளாப் தனிக் கதை. முழுக்க இறக்கிய ஃபிளாப் தரையிறங்கும்வரை சுமையைத் தாங்கியே நிற்கும், நீட்டிய கைக் குடம். முழு ஃபிளாப் இருக்கும் நிலையில் சர்வோ கையும் புஷ்ராடும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும்படி அமைத்தால், சுமை கையின் அச்சிலேயே போய் இறங்கும், மோட்டார் ஓய்வெடுக்கும். மின் சர்வோவை இடுப்புக் குடமாக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரும் நண்பர்கள் "எங்க ஊர் உசரம், காத்து மெலிசு, அதான் சுடுது" என்பார்கள். ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. சூடு ஆறுவது கொஞ்சம் மந்தமாகும், உண்மைதான். ஆனால் அது கொஞ்சம்தான். கடைசி ஓட்டையில் மாட்டிய புஷ்ராடைப் பார்த்துவிட்டுப் பிறகு ஊரைக் குற்றம் சொல்லலாம்.

அறிகுறி: ஒரே மடலில் இரண்டு சர்வோ, இரண்டும் சுடுகின்றன

பெரிய மாடல்களில் ஒரு எய்லரானை இரண்டு சர்வோ சேர்ந்து அசைக்கும். ஒன்று அரை டிகிரி முந்தினால் போதும், மற்றது அதைப் பின்னுக்கு இழுக்கும். நடுவில் மடல் முறுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, உள்ளே இரண்டு காளைகளும் எதிரெதிராக ஏர் இழுக்கின்றன. பெரிய விமானத்திலும் ஒரு மடலில் இரண்டு மூன்று ஜாக் உண்டு. அங்கேயும் இந்தச் சண்டை வரும், சூட்டைவிட உலோகம் அலுத்து விரிசல் விடுவதுதான் அங்கே பயம். அதனால் ஒவ்வொரு ஜாக்கின் அழுத்தத்தையும் அளந்து கணினி சமப்படுத்தும் ஏற்பாடு சில விமானங்களில் உண்டு. நமக்குக் கணினி கிடையாது, மீட்டர் உண்டு.

ஒரு சர்வோவின் கிளெவிஸைக் கழற்றுங்கள். மற்றதை மட்டும் வைத்து நடு, மேல் ஓரம், கீழ் ஓரம் மூன்றையும் அமையுங்கள். இப்போது கழற்றிய கிளெவிஸைக் கொண்டுவந்து ஹார்ன் ஓட்டைக்கு நேராகப் பிடியுங்கள். தள்ளாமல் இழுக்காமல் பின் தானாக உள்ளே விழ வேண்டும். நடுவில் விழாவிட்டால் கிளெவிஸைத் திருகி நீளத்தை மாற்றுங்கள். நடுவில் விழுந்து ஓரத்தில் விழாவிட்டால் இரண்டு சர்வோ கைகளின் கோணமோ நீளமோ வேறு வேறு. அதை இயந்திரமாகவே சரிசெய்துவிட்டு, மீதி ஒரு மயிரிழையை மட்டும் ரேடியோவில் சரிசெய்யுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு இரண்டு சர்வோவின் கரண்டையும் தனித்தனியாக அளந்தபடி ஸ்டிக்கை மெதுவாக ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓட்டுங்கள். எங்கேயும் ஊசி துள்ளக் கூடாது. ஒரே ரகத்தில், ஒரே நேரத்தில் வாங்கிய இரண்டு சர்வோவையே போடுங்கள். பழையதும் புதியதும் ஒரே நுகத்தில் ஒத்துப்போகாது.

அறிகுறி: சர்வோ நடுங்கிக்கொண்டே இருக்கிறது

மடல் நின்ற இடத்தில் நிற்காமல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று சின்னதாக ஆடும். கிளெவிஸைக் கழற்றினால் நின்றுவிடும் என்றால், ஹார்னிலோ கீலிலோ ஆட்டமும் இறுக்கமும் சேர்ந்து இருக்கின்றன. துல்லியமான டிஜிட்டல் சர்வோக்கள்தான் இதில் அதிகம் தவிக்கும், சின்னப் பிழையையும் விடாமல் துரத்துவதால். கழற்றியும் நிற்கவில்லை என்றால், சர்வோ கையைக் கொண்டு எல்லா இடத்துக்கும் போய்ப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் நடுங்கினால் கையின் கோணத்தை அளக்க உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் அந்த இடத்தில் தேய்ந்துவிட்டது. இதற்கு மருந்து கிடையாது. மாற்றுங்கள்.

அறிகுறி: சர்வோ ஒன்றும் சுடவில்லை, ஆனால் பறக்கும்போது எல்லாமே ஒரு வினாடி செத்துப் பிழைக்கிறது

இது ஆபத்தானது, இதைப் பார்த்துவிட்டு மறுபடி பறக்கவிடாதீர்கள். சூடு இருக்கிறது, நீங்கள் தொட்டுப் பார்க்காத இடத்தில். புரொப்பெல்லர் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.க்குள், சர்வோக்களுக்கும் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் கரண்டு கொடுக்கும் பி.இ.சி.யில்.

மலிவான இ.எஸ்.சி.களில் உள்ள லீனியர் பி.இ.சி. பேட்டரியின் வோல்டேஜை 5ஆகக் குறைப்பது எப்படித் தெரியுமா? மிச்சத்தை எரித்துவிடும். முழுக்க ஏற்றிய 3 செல் 12.6 வோல்ட். சர்வோக்கள் எல்லாம் சேர்ந்து 1 ஆம்பியர் இழுத்தால், 5 வாட் சர்வோவுக்குப் போகும், 7.6 வாட் அந்தச் சின்னச் சில்லில் சூடாகும். செயல்திறன் 40 சதவீதம்தான். 4 செல் போட்டால் எரிவது 11.8 வாட். சூடு எல்லை மீறினால் சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். ரிசீவரும் சேர்ந்து அணையும். ஆறினால் மறுபடி வரும், அதற்குள் விமானம் கரும்புக்குள் போய்விடும்.

என் விமானத்தில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. சில ஞாயிறுகளில் வரும், சிலவற்றில் வராது. கடைசியில்தான் புத்தி வந்தது. லோட் ஷெட்டிங் இருந்த வாரங்களில் பேட்டரி அரைகுறையாகத்தான் சார்ஜ் ஆகியிருக்கும். வோல்டேஜ் குறைவு, எரிய வேண்டிய மிச்சமும் குறைவு, பி.இ.சி. தாங்கிக்கொண்டது. கரண்டு ஒழுங்காக இருந்த வாரங்களில் முழு பேட்டரியோடு பறந்தேன், முதல் இரண்டு நிமிடத்திலேயே செத்தது. யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

சோதிப்பது எளிது. தரையில், புரொப்பெல்லர் இல்லாமல், முழு பேட்டரியோடு எல்லா ஸ்டிக்கையும் 5 நிமிடம் விடாமல் சுற்றிக்கொண்டே ரிசீவரின் வோல்டேஜைப் பாருங்கள். தீர்வு ஸ்விட்சிங் வகை பி.இ.சி. அது மிச்சத்தை எரிக்காமல் மாற்றிக் கொடுக்கும், 85 சதவீதத்துக்கு மேல் செயல்திறன் கிடைக்கும். தனி பி.இ.சி. மாட்டும்போது இ.எஸ்.சி. பிளக்கிலிருந்து சிவப்புக் கம்பியை எடுத்து டேப் சுற்றிவிட மறக்காதீர்கள். அதோடு ஒரு சர்வோ எங்காவது முட்டிக்கொண்டிருந்தால் மேலே சொன்னது எல்லாம் இங்கே வந்துதான் வெடிக்கும் என்பதால், முதல் அறிகுறியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: காலையில் வைத்த டிரிம் (மடலின் நடுநிலை) மத்தியானம் மாறிவிடுகிறது

பிப்ரவரி டர்பன், இங்கே கோடை. பக்கியின் (பிக்கப் வண்டியின்) பின்னால் விமானத்தைப் போட்டுவிட்டு, ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய பன்னி சௌ சாப்பிடப் போய்த் திரும்பினால் எலிவேட்டர் 1 மி.மீ. மேலே நிற்கும். சர்வோவுக்கு இதில் பங்கில்லை. பால்சா உடலுக்குள் 60 செ.மீ. நைலான் புஷ்ராடு இருந்தால், 20 டிகிரி சூடு ஏறும்போது அது ஏறக்குறைய 1 மி.மீ. நீளும். பால்சா அவ்வளவு நீளாது. எஃகுக் கம்பியாக இருந்தால் 0.14 மி.மீ.தான். கார்பன் குழாய் அசையவே அசையாது, அதற்கு மாறுங்கள். கேபிள் வைத்த நிஜமான சின்ன விமானங்களிலும் இதே கதைதான். கேபிளின் இழுவிசையை அமைக்கும்போது அன்றைய வெப்பநிலைக்கான அட்டவணையைப் பார்த்துத்தான் அமைப்போம்.

சர்வோவை ஹாட் குளூவால் ஒட்டியவர்கள், கறுப்புப் படலம் ஒட்டிய இறக்கையை வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு சர்வோவை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் திருகு போடுங்கள்.

அறிகுறி: ஒரு பக்கச் சர்வோ மட்டும் சோம்பேறி, சூடும் இல்லை

கரண்டு அங்கே போய்ச் சேரவில்லை. இறக்கை முனை வரை 1 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய 28 நம்பர் ஒயர் ஓடினால், போக வர இரண்டு மீட்டருக்கு 0.43 ஓம். சர்வோ 2 ஆம்பியர் இழுக்கும் நொடியில் 0.85 வோல்ட் ஒயரிலேயே தொலையும். அதைவிடத் தடித்த 22 நம்பர் போட்டால் இழப்பு 0.2தான். ஒயர் தடிமனாக இருந்தும் சோம்பேறித்தனம் போகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பின்னைப் பாருங்கள். கடற்கரையிலேயே பறக்கவிடுபவர்களுக்குப் பித்தளைப் பாத்திரத்தில் புளி படாமல் விட்ட மாதிரி பச்சையாக இருக்கும். கறுப்புக் கம்பியின் உறையையும் ஒரு அங்குலம் உரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு செம்பாக இல்லாமல் கறுத்திருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்ய முயலாதீர்கள், கறுப்பு பெரும்பாலும் இன்னும் உள்ளே ஓடியிருக்கும். முழு ஒயரையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள்.